மெத்தையைத் தட்டிப் பார்க்கும் முன் ஆர்.சி.யைத் திறந்து பாருங்கள்

கேள்வி: திருமங்கலத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நான், வயது 63. ஓட்டல் அறைக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் அல்லாடாமல், மனைவியோடு சொந்தக் கேரவனில் காசி, அரித்துவார், பூரி என்று சுற்றிவர ஆசை. புது வண்டி எங்கள் கைக்கு எட்டாது. அதிகபட்சம் 12 லட்சம் ரூபாய் ஒதுக்க முடியும். பழைய வண்டிகள் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று வாடிப்பட்டிப் பக்கம் இருக்கிறது. 2015 மாடல் டெம்போ டிராவலர், ஏ.சி., குளியலறை, டி.வி. எல்லாம் உண்டு, 9 லட்சம் சொல்கிறார்கள். பதிவுச் சான்றான ஆர்.சி.யில் ‘மேக்ஸி கேப்’ என்று இருக்கிறது. எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள், கவலைப்படாதீர்கள் என்கிறார் தரகர். இன்னொன்று ராமநாதபுரத்தில் உள்ள 2018 மாடல் டிராவலர். ‘கேம்பர் வேன், சொந்த உபயோகம்’ என்று பதிவாகியிருக்கிறது. 62,000 கி.மீ. ஓடியது. உள்வேலைப்பாடு சுமார்தான். கடற்கரை ஓரத்து வீட்டில் இரண்டு வருடமாக ஓடாமல் நிற்கிறது. விலை 10.5 லட்சம். எதை வாங்கலாம்? மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. மகனுக்கு இந்த யோசனையே பிடிக்கவில்லை. இரண்டு வண்டிகளின் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

ஐயா, வணக்கம். வாடிப்பட்டி வண்டிக்கு நீங்கள் அனுப்பிய படங்கள் 14. அவற்றில் 13 வண்டிக்குள் எடுத்தவை. மெத்தை, திரைச்சீலை, கூரையில் ஓடும் நீல விளக்கு, குளியலறைக் கண்ணாடி என்று கல்யாண மண்டபத்து மணமகள் அறை போல இருக்கிறது. வெளியே எடுத்தது ஒன்றே ஒன்று. அதிலும் சக்கரத்துக்கு மேலேயே படம் முடிந்துவிடுகிறது. விற்பவர் எதைப் பார்க்கச் சொல்கிறார், எதைப் பார்க்க வேண்டாம் என்கிறார் என்பது இதிலேயே தெரிகிறது.

மதுரையில் 26 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய கேரவன் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் செய்வது மெத்தையில் உட்கார்ந்து பார்ப்பதுதான். மெத்தையை மதுரையில் எந்தக் கடையிலும் வாங்கிவிடலாம். அலமாரி பிடிக்கவில்லையா, ஆசாரி ஒருவரைப் பிடித்து ஒரு வாரத்தில் மாற்றிவிடலாம். அடியில் இருக்கும் இரும்புச் சட்டமான சேஸிஸையும் ஆர்.சி.யில் அச்சாகியிருக்கும் எழுத்தையும் அப்படி மாற்ற முடியாது. அதனால் உங்கள் இரண்டு வண்டிகளையும் நான் தலைகீழாகப் பார்க்கிறேன். முதலில் காகிதம், அடுத்து அடிப்பாகம், அதன் பிறகு எஞ்சின், கடைசியாக வீடு.

காகிதம் என்று வந்தாலே வாடிப்பட்டி வண்டி அடிபட்டுப் போகிறது. மேக்ஸி கேப் என்பது ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் 12 பேர் வரை கூலிக்கு ஏற்றிச் செல்லும் வாடகை வண்டி, மஞ்சள் போர்டு. அதற்கு பெர்மிட் வேண்டும், வெளிமாநிலம் போனால் அதற்குரிய அனுமதியும் வரியும் வேண்டும், குறித்த காலத்தில் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். எட்டு வயது தாண்டிய வாடகை வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. உண்டு. அந்த நாளில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 12 இருக்கைகள் எங்கே என்று கேட்டால், கட்டிலைக் காட்டி என்ன பதில் சொல்வீர்கள்? சிலர் எஃப்.சி.க்கு முதல் நாள் கட்டிலைக் கழற்றிப் பழைய இருக்கைகளை முடுக்கிக்கொண்டு போவதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். 63 வயதில் உங்களுக்கு அந்தக் கூத்து எதற்கு?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் மாறாக வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. ஓட்டிக்கொண்டிருக்கும் வரை யாரும் கேட்காமல் இருக்கலாம். விபத்து ஒன்று நடந்தால்தான் ஆர்.சி.யை வரிவரியாகப் படிப்பார்கள். சில வருடங்களுக்கு முன் மேலூர் தாண்டி நான்கு வழிச்சாலையில் லாரி இடித்த வண்டி ஒன்று என் பட்டறைக்கு வந்தது. இடித்தது லாரிதான், வண்டிக்காரர் மேல் தவறே இல்லை. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்த சர்வேயர் பின்கதவைத் திறந்து, கட்டிலைப் பார்த்து, ஆர்.சி.யைப் பார்த்து, பேனாவை மூடிவிட்டார். வண்டிக்காரர் ஒவ்வொரு வருடமும் பிரீமியம் கட்டியவர். பயணிகள் வண்டிக்காகக் கட்டிய பிரீமியம் அது. உள்ளே கட்டியிருந்த வீட்டைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவே இல்லை.

தரகரிடம் நீங்கள் சண்டை போட வேண்டாம். ‘கேம்பர் வேன், சொந்த உபயோகம் என்று ஆர்.சி.யை மாற்றிக் கொடுங்கள், அந்த மாதமே பணம் தருகிறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். அவர் உண்மையிலேயே மாற்றித் தந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். தர மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அதற்குரிய ஒப்புதல், ஆய்வு, வரி வித்தியாசம் எல்லாம் சேர்ந்தால் அந்த 9 லட்ச விலையில் அவருக்கு ஒன்றும் மிஞ்சாது. விலை மலிவாக இருப்பதற்குக் காரணமே அதுதான்.

ஆகவே, வாடிப்பட்டியை விட்டுவிட்டு ராமநாதபுரத்துக்கு வருகிறேன்.

நீங்கள் சுமார் என்று எழுதிய அந்த வண்டியில் எனக்குப் பிடித்தவை மூன்று. ஆர்.சி. சரியாக இருக்கிறது, வெள்ளை போர்டு, பெர்மிட் தொல்லை இல்லை. இரண்டாவது, அது டிராவலர். இந்த வண்டியை இன்னமும் நாம் டெம்போ என்றுதான் சொல்கிறோம். கம்பெனியின் பழைய பெயர் பஜாஜ் டெம்போ. 2005-இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆனது. மெர்சிடிஸின் டி1 என்ற வேனைத் தழுவிப் பிறந்தது இது. ஜெர்மனியில் அந்த டி1 மேலேயே கேம்பர் கட்டி ஓட்டியிருக்கிறார்கள், ஆக வம்சத்திலேயே கேரவன் ரத்தம் உண்டு. அதைவிட முக்கியம், ஆம்புலன்சாகவும் பள்ளி வேனாகவும் நாடு முழுதும் ஓடுகிற வண்டி என்பது. நாக்பூரில் கிளட்ச் போனாலும் கோரக்பூரில் பிரேக் போனாலும் கை வைக்கத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார், பாகமும் கிடைக்கும். சினிமா கம்பெனி கழித்துவிட்ட கேரவன், வெளிநாட்டிலிருந்து வந்த வண்டி என்று யாராவது ஆசை காட்டினால் அந்தப் பக்கமே திரும்பாதீர்கள். சினிமாக் கேரவன் நின்ற இடத்தில் நிற்பதற்காகக் கட்டியது. உள்ளே தனித்தனி அறை, பின்னால் ஜெனரேட்டர், எடையோ எக்கச்சக்கம். அதில் நீங்கள் காசிக்குப் போக முடியாது.

மூன்றாவது, உள்வேலைப்பாடு எளிமையாக இருக்கிறது. இது குறை அல்ல, ஐயா. வண்டிக்குள் பொருத்திய ஒவ்வொன்றும் ஒருநாள் கெட்டுப்போகும். பொருள் குறைந்தால் பழுதும் குறையும்.

எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது பெரியது. கடலோரத்தில் இரண்டு வருடம் நின்றிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 62,000 கி.மீ.தான் ஓடியது என்பதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். தினமும் ஓடி ஒன்றரை லட்சம் கி.மீ. கண்ட வண்டியை வாங்க நான் தயங்க மாட்டேன். உப்புக் காற்றில் சும்மா நின்ற வண்டிக்குத்தான் தயங்குவேன். டீசல் டேங்கில் தண்ணீர் கோத்திருக்கும், பிரேக் சிலிண்டர் இறுகியிருக்கும், ரப்பர் எல்லாம் காய்ந்து வெடித்திருக்கும், வயரை எலி கடித்திருக்கும். இவற்றையெல்லாம் பணம் கொடுத்தால் சரிசெய்யலாம். சேஸிஸில் இறங்கிய துருவைத்தான் சரிசெய்ய முடியாது.

அதனால் வண்டியைப் பார்க்கப் போகும்போது முதல் வேலையாக வாட்டர் சர்வீஸ் ஒன்றுக்கு ஓட்டிப் போங்கள். காசு நீங்களே கொடுங்கள். ராம்ப்பில் ஏற்றி, அடிப்பாகத்தை நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். கழுவிய பிறகு டார்ச்சோடு அடியில் போய் நில்லுங்கள். உங்கள் முதுகு ஒத்துழைக்காது என்றால் உள்ளூர் மெக்கானிக் ஒருவருக்கு 500 ரூபாய் கொடுத்து அழைத்துப் போங்கள். விற்பவருக்குத் தெரிந்த மெக்கானிக்காக மட்டும் இருக்க வேண்டாம்.

அடியில் இரண்டு வகைத் துரு இருக்கும். மேலே செம்மண் தூவியது போல இருப்பது தோல் துரு. தேய்த்து பிரைமர் அடித்தால் அடங்கிவிடும். பக்கோடா போல உப்பி, ஏடு ஏடாக உரிந்து வருவது சதைத் துரு. திருப்புளியால் குத்துங்கள், சுத்தியின் பின்பக்கத்தால் தட்டிக் கேளுங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். அரித்த இரும்பு ‘டொக்’ என்று ஊமையாகச் சொல்லும். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் சேஸிஸோடு சேரும் இடம், பாடியும் சேஸிஸும் போல்ட்டில் சேரும் இடம், ஏறும் படிக்குக் கீழே உள்ள குழி, சக்கர வளைவுகளின் உள்பக்கம், பிரேக் ஆயில் குழாய்கள் என உப்பு உட்கார்ந்து வேலை பார்க்கும் இடங்கள் இவைதான். இங்கே எங்காவது சதைத் துரு இருந்தால் வண்டியை ராம்ப்பிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறிவிடுங்கள். விலையைக் குறைக்கிறேன் என்று பின்னால் ஓடி வருவார்கள், திரும்பிப் பார்க்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. அடிப்பாகம் முழுக்கப் புதுக் கறுப்புப் பெயிண்ட் பளபளவென்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். இரண்டு வருடம் வண்டியையே தொடாத மனிதர் போன வாரம் மட்டும் அடியில் படுத்து ஏன் பெயிண்ட் அடித்தார்? பக்கப் பாடிக்கு ஒரு சிறு காந்தம் எடுத்துப் போங்கள். துணியில் சுற்றி வைத்து நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் இரும்புக்கு மேல் கனமாகப் பட்டி பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். கண்ணாடியிழையில் செய்த கூரையிலும் காந்தம் ஒட்டாது. அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம்.

வாட்டர் சர்வீஸிலேயே இரண்டாவது சோதனையும் முடிந்துவிடும். எல்லா ஜன்னலையும் மூடிவிட்டு நீங்களும் அம்மையாரும் உள்ளே உட்காருங்கள். வெளியிலிருந்து கூரை மேல் ஒரு கால் மணி நேரம் தண்ணீர் பீய்ச்சச் சொல்லுங்கள். கூரைக் காற்றாடிக்கு வெட்டிய ஓட்டை, ஜன்னல் ஓரம், விளக்கு வயர் நுழையும் இடம் எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்சுவரும் தரையும் பிளைவுட். ஒருமுறை தண்ணீர் குடித்தால் வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே மக்கிக்கொண்டு வரும். மூலைகளைக் கட்டை விரலால் அழுத்துங்கள், அமுங்கினால் மக்கியிருக்கிறது. ஊதுவத்தி வாசமோ சென்ட் வாசமோ தூக்கலாக அடித்தால், எந்த நாற்றத்தை மறைக்க அது என்று யோசியுங்கள். ஐப்பசி அடைமழை முடிந்த கையோடு பார்க்க முடிந்தால் இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை. அதுவரை விற்பவர் காத்திருக்க மாட்டார்.

அடுத்து எடை மேடை. இதை யாரும் செய்வதில்லை. எனக்கு இதில்தான் மனத்தாங்கல். நெல் லோடும் மணல் லோடும் எடை போடுகிற மேடைக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். தண்ணீர்த் தொட்டியையும் டீசலையும் நிரப்பிக்கொண்டு ஏற்றுங்கள். ஆர்.சி.யில் மொத்த எடை என்று ஒரு எண் இருக்கும். மேடைச் சீட்டு எண்ணை அதிலிருந்து கழித்தால் மிஞ்சுவதுதான் நீங்கள் இருவரும், உங்கள் துணிமணியும், பாத்திரமும், அரிசி மூட்டையும். 100 லிட்டர் தண்ணீர் என்பது 100 கிலோ. இரண்டு பெரிய பேட்டரி இன்னொரு 100 கிலோவை நெருங்கும். நிறைய வண்டிகளில் ஆள் ஏறும் முன்பே கணக்குத் தீர்ந்துபோயிருக்கும். முன்சக்கரத்தை மட்டும் மேடையில் நிறுத்தி ஒருமுறை, பின்சக்கரத்தை மட்டும் நிறுத்தி ஒருமுறை எடை போட்டால் பாரம் பின்னால் குவிந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். பின்னால் குவிந்தால் மலையேறும்போது ஸ்டீயரிங் மிதக்கும்.

எடைச் சீட்டு கையில் இருக்கும்போதே லைசென்ஸ் கவலையையும் தீர்த்துவிடுகிறேன். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் உங்கள் கார் லைசென்ஸே போதும். டிராவலர் அதற்கு வெகு கீழே.

டயரில் பட்டன் தேயாமல் புதுசு போல இருக்கும். ஏமாறாதீர்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரித்தது. வண்டியோடு வந்த டயர்தான் என்றால் எல்லாவற்றையும் மாற்றியே ஆக வேண்டும். அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தைப் பற்றி விற்பவர்கள் சொல்லும் கதைகளுக்கு அளவில்லை. நீங்கள் ஆசிரியர், கணக்கு போட்டே பார்த்துவிடலாம். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் 1,800 வாட் மணி. சாதாரண ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் உறிஞ்சினால் சீக்கிரம் செத்துப்போகும், ஆக 900. ஒரு டன் ஏ.சி. ஓடும்போது ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். இரண்டு பேட்டரி இருந்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் ஏ.சி. நின்றுவிடும், நீங்கள் வியர்வையில் எழுந்து உட்கார்ந்திருப்பீர்கள். 30 வாட் மின்விசிறி இரண்டு, இரவு எட்டு மணி நேரம் ஓடினால் 480 வாட் மணிதான். அது தாராளமாகத் தாங்கும். கூரையில் 330 வாட் சோலார் தகடு ஒன்று இருந்தால் நல்ல வெயில் நாளில் செலவழித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும். எனவே, ராமநாதபுரத்து வண்டியில் ஏ.சி. இல்லையே என்று வருந்த வேண்டாம். சித்திரை வைகாசியில் மதுரையிலேயே இருந்து அழகர் ஆற்றில் இறங்குவதைப் பாருங்கள். பயணத்தை ஆவணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போகும் வடநாட்டுக்கும் அதுதான் நல்ல காலம். வயரிங்கில் ஒன்று மட்டும் பாருங்கள்: பேட்டரியிலிருந்து கிளம்பும் தடித்த வயரில், பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வயரிங் செய்தவர் வேறு எங்கெல்லாம் கை கூசாமல் குறுக்கு வழி போயிருப்பார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை, மதுரை ரயில் நிலையத்தை ஒட்டி நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டி எரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். உத்தரப் பிரதேசத்திலிருந்து கோயில் பார்க்க வந்தவர்கள். பெட்டிக்குள் ரகசியமாகக் கொண்டுவந்த சிலிண்டரில் அடுப்பு மூட்டப்போய் 9 பேர் இறந்துபோனார்கள். நம் ஊரில் நடந்தது. கேரவனும் அதே போன்ற பெட்டிதான்; மெத்தை, திரைச்சீலை, பிளைவுட், ஒரே ஒரு கதவு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். ஜன்னலைத் திறந்தால் போய்விடாது. சிலிண்டர் இருக்கும் பெட்டி வண்டியின் உட்புறத்தோடு சேராமல் தனியாக அடைக்கப்பட்டு, அடியில் வெளியே திறக்கும் துளையோடு இருக்க வேண்டும். கடிதத்தில் நீங்கள் அடுப்பைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. வீட்டுச் சிலிண்டரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தால் முதல் நாளே வெளியே எடுத்துவிடுங்கள். தூக்கிச் செல்லும் சிறு அடுப்பை வண்டிக்கு வெளியே, காற்று மறைவில் வைத்து காபி போட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி மதுரைக்காரர்கள் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தேடுவது நல்ல மெஸ்ஸைத்தானே!

இனி, உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன விஷயம். அம்மையாரின் முழங்கால்.

என்னைக் கேட்டால் வாங்குவதா வேண்டாமா என்பதை அதுதான் முடிவு செய்ய வேண்டும். டிராவலரின் படி உயரம். ஒரு நாளில் ஏறி இறங்குவது பத்துப் பதினைந்து தடவையாவது இருக்கும். வண்டியைப் பார்க்கப் போகும்போது அவரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். ஒரு தடவை ஏறிவிட்டு ‘பரவாயில்லை’ என்பார். நம் வீட்டுப் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். அரை மணி நேரத்தில் ஐந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். கட்டிலில் படுத்து, யாரும் கை கொடுக்காமல் எழச் சொல்லுங்கள். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் எதைப் பிடித்துக்கொண்டு நடப்பார் என்று பாருங்கள். கூடுதலாக மடக்குப் படி ஒன்றும் கைப்பிடி இரண்டும் வைக்க வெல்டிங் பட்டறையில் அரை நாள் வேலை. கட்டில் உயரம் சரியில்லை என்றால் அதுவும் ஆசாரி வேலைதான். உட்கார முடியாத உயரத்தில் கழிப்பறை இருந்தால், அல்லது திரும்பவே இடமில்லாமல் இருந்தால், அதற்கு மாற்று இல்லை. ஓடும் வண்டியில் அவர் கட்டிலில் படுத்து வரலாம் என்று திட்டம் வைத்திருந்தால் அதையும் விடுங்கள். உங்கள் பக்கத்தில், முன்னோக்கிய இருக்கையில், பெல்ட் போட்டுத்தான் வர வேண்டும். திடீர் பிரேக்கில் கட்டில் யாரையும் பிடித்து வைக்காது.

கழிப்பறை பற்றி ஒன்று. என்னிடம் வேலைக்கு வந்த கேரவன்களில் பாதியில் குளியலறைக்குள் பெட்டியும் அரிசி மூட்டையும் அடுக்கி வைத்திருந்தார்கள். தண்ணீர் நிரப்புவதும், கழிவைக் கொட்ட இடம் தேடுவதும் மூன்றாம் நாளே சலித்துவிடுகிறது. அவசரத்துக்கு ஒரு சிறிய கழிப்பறை இருந்தால் போதும். குளியலுக்கு கோயில் ஊர்களில் வழியா இல்லை?

மகன் மறுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பயம் வண்டியைப் பற்றியதாக இருக்காது. நடுவழியில் அப்பாவும் அம்மாவும் தனியாக நிற்பார்களே என்பதாக இருக்கும். வாங்குவதற்கு முன் மூன்று நாள் வாடகைக் கேரவன் எடுத்து மூவரும் போய் வாருங்கள். பக்கத்துக் கேரளத்தில் அரசே 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கை அறிவித்தது; குமுளி தாண்டினால் அந்தப் பக்கம் விசாரிக்கலாம். மூன்று நாளில் ஆசை கூடினால் வாங்குங்கள். குறைந்தால் 10 லட்சம் மிச்சம்.

அரித்துவார் என்று எழுதியிருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். டெல்லி வட்டாரத்தில் பத்து வயது கடந்த டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் போட்டது, 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதன் பிறகும் நீதிமன்றத்தில் அது மாறிக்கொண்டே வருகிறது. 2018 மாடல் 2028-இல் பத்தைத் தொடும். அதற்குள் அரித்துவாரை முடித்துவிடுங்கள். அல்லது கிளம்பும் வாரத்தில் அன்றைய நிலையைக் கேட்டுக்கொண்டு, டெல்லியைத் தொடாத வழியில் போங்கள். காசிக்கும் பூரிக்கும் இந்தக் கவலை இல்லை. அருகிலேயே கொடைக்கானலுக்குப் போனாலும் இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள். 2024 மே 7 முதல் அது கட்டாயம்.

பணக் கணக்கு. 12 லட்சம் இருக்கிறது என்பதற்காக 12 லட்சத்துக்கும் வண்டி வாங்கக் கூடாது. ராமநாதபுரத்துக்காரர் 10.5 கேட்கிறார். அடிப்பாகம் சுத்தமாக இருந்தால் 9 லட்சத்தில் ஆரம்பியுங்கள். டயர், பேட்டரி, பிரேக் வேலை என்று காகிதத்தில் எழுதிக் காட்டிப் பேசுங்கள். ஒன்பதரைக்கு மேல் போகாதீர்கள். மிச்சம் இரண்டரையில் ஒன்றரை லட்சம் பட்டறைக்கு, மற்றது இன்சூரன்சுக்கும் பெயர் மாற்றத்துக்கும் எதிர்பாராததற்கும். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் முடிந்த சான்றோடு 35-ஆம் படிவம் கைக்கு வராமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, ஆர்.சி.யில் உள்ளதும் அதில் வருவதும் ஒன்றா என்று பாருங்கள். அபராதம் பாக்கி உண்டா என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம். சேஸிஸ் எண்ணைச் செயலியில் பார்த்தால் போதாது. இரும்பில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு 14 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். வண்டிக்குள் என்னென்ன பொருத்தியிருக்கிறது என்பதையும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால் டிரையல். ஊருக்குள் இரண்டு தெரு ஓட்டிக் காட்டுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு நூறு கி.மீ.க்கு மேல், அதையே முதல் சோதனையாக வையுங்கள். அடுத்து திண்டுக்கல் வழியாகச் சிறுமலை. 18 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது கருப்புப் புகை கொஞ்சம் வந்தால் இன்ஜெக்டர் வேலை. நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ஓடிச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று காற்றும் புகையும் தள்ளினால் அதைத்தான் நாங்கள் பேக் கம்ப்ரஷன் என்போம். எஞ்சின் இறக்க வேண்டியதுதான். இறங்கும்போது இரண்டாம் கியரில் இறங்குங்கள். கீழே வந்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். மற்றவை வெதுவெதுப்பாக இருக்க, ஒன்று மட்டும் அடுப்பாகக் கொதித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்த பிடி விடவில்லை. நின்ற வண்டியின் தனிக்குணம் அது. பெரிய செலவில்லை, ஆனால் சரிசெய்யாமல் நெடும்பயணம் கிளம்பக் கூடாது.

விற்பவருக்குப் போன் செய்து, சனிக்கிழமை காலை பதினொரு மணிவாக்கில் வருகிறோம் என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை இரவே ராமநாதபுரம் போய்த் தங்கிவிடுங்கள். காலை ஆறரைக்கெல்லாம் அவர் வீட்டு வாசலில் நின்று, சீக்கிரமாகவே வந்துவிட்டோம் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பேனட்டைத் திறக்கச் சொல்லி எஞ்சின் மேல் கை வையுங்கள். குளிர்ந்திருந்தால் சாவியைப் போடச் சொல்லுங்கள். சூடாக இருந்தால், அதை உங்களுக்கு முன்பே யாரோ எழுப்பி வைத்திருக்கிறார்கள். எழும்ப எத்தனை தடவை அழுதது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.